நந்தியாவட்டைக்கும் அந்துப்பூச்சிக்கும் நடுவில் ஓர் ஆடு

செடி விற்கிறவன், விற்ற செடியைப் பார்க்க ஊர்விட்டு ஊர் போவது அபூர்வம். வாடினால் தண்ணீர் ஊற்றவில்லை என்போம். அழுகினால் தண்ணீர் அதிகம் என்போம். இரண்டும் இல்லை என்றால் மண் சரியில்லை என்போம். எல்லாம் போனிலேயே முடிந்துவிடும். பருத்திப்பட்டு விஷயம் மட்டும் முடியவில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் எனக்கு ஒரு நர்சரி இருக்கிறது. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, பின்பக்கத் தெருவோரம் வேலியாக வைக்க நந்தியாவட்டைச் செடிகள் அனுப்பியிருந்தேன். "கிள்ளினா பால் வடியற செடிங்க. ஆடு மாடு வாயே வைக்காதுங்க" என்று சொல்லித்தான் விற்றேன். அது உண்மைதான். சில மாதம் கழித்துச் சங்கச் செயலாளர் ஒரு போட்டோ அனுப்பினார். வேலியில் இலையே இல்லை, வெறும் குச்சிகள் நின்றன. 'நேரில் வந்து பாருங்கள்' என்று கீழே ஒரு வரி. ஆவடியிலிருந்து கொரட்டூர் வரை உள்ள குடியிருப்புச் சங்கங்கள் எல்லாம் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருப்பது எனக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன் என்று சொல்ல முடியாது, அடைக்கப்பட்டேன். எங்கள் ஊரில் மூன்று பேர் உட்கார்ந்து அதிலும் நடுவில் பை வைக்கும் இடத்தில், இங்கே ஒரு குடும்பமே குடியேறிவிடுகிறது. "தள்ளி குந்து நைனா" என்றார் டிரைவர். கோயம்புத்தூரில் டவுன் பஸ் கண்டக்டர்கூட "கொஞ்சம் உள்ள போங்க சாமி" என்பார். எனக்கு அறுபது நெருங்குகிறது. வந்து இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே டீக்கடைக்காரர், தண்ணீர் பாட்டில் விற்றவர், டிரைவர் என்று வரிசையாக எல்லோரும் என்னை 'நீ' என்றுவிட்டார்கள். மரியாதை தெரியாத ஊர் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, நேராகப் பூந்தமல்லியில் போய் இறங்கினேன்.

திரும்பி வர இன்னொரு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் நாற்பது தாண்டிய ஒரு பெண்மணி, மடி நிறைய அகத்திக்கீரைக் கட்டு. கீரையில் பாதி என் மடியில் இருந்தது.

"எங்க போணும் அண்ணாத்தே?"

"பருத்திப்பட்டுங்க. தாண்டி வந்துட்டனுங்க."

"கோயமுத்தூரா? அதான் வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுகினு வர்ற. கவலப்படாத, நானும் அங்கதான். எறக்கி உடறேன்."

அவர் பெயர் சகாயமேரி. ஏரிக்கரைத் தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கிறார். கீரை கடைக்குங்களா என்று கேட்டதுதான் தாமதம், பொரிந்து தள்ளிவிட்டார்.

"கடைக்கா? என் ஆட்டுக்கு. ரோஸின்னு பேரு. அத்த புட்ச்சி கட்டி வெச்சிகீறானுங்கோ அபார்ட்மெண்ட்டுக்காரனுங்கோ. வேலிய துன்னுட்ச்சாம். அது துன்னத எவனாச்சும் கண்ணால பாத்தானான்னா இல்ல. ஊட்ல ரெண்டு குட்டி பாலுக்குக் கத்திகினு கீது. புட்டிப்பால வெச்சா மூஞ்சத் திருப்பிக்குது. நாளைக்கு கார்ப்பரேசன் வண்டி வந்து ரோஸிய இட்டுகினு போய்டுமாம்."

எந்த அபார்ட்மெண்ட் என்று கேட்டேன். பேரைச் சொன்னதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வீரம் வந்தது.

"அந்தச் செடியக் குடுத்ததே நான்தானுங்க. ஆடு அதைத் தின்னாதுங்க. நான் சொல்றேனுங்க அவங்ககிட்ட."

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லு அண்ணாத்தே. நான் கத்தனா கடைக்காரி கத்தறான்னுவானுங்கோ. நீ சொன்னா கேப்பானுங்கோ." இறங்கும்போது எனக்கும் சேர்த்து அவரே ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டார். குடியிருப்பு வாசல் வரை கூட வந்து, கீரைக் கட்டை வாட்ச்மேனிடம் கொடுத்து, "மறக்காம போடு, தண்ணியும் வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் பலராமன் மதுரைப் பக்கத்துக்காரர். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு இங்கே வீடு வாங்கியவர். நல்ல மனிதர். வந்ததும் சாப்பிட வைத்தார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், கெட்டித் தயிர். எங்கள் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல, அவர் செம்பரம்பாக்கம் தண்ணீரை விட்டுக்கொடுக்காமல் பேசினார். வயிறு நிறைந்தபின் சங்க அறைக்கு அழைத்துப் போனார். சங்கத்தார் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் ஓர் எவர்சில்வர் தட்டு, அதில் கருப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள்.

"எவிடென்ஸ்," என்றார் பலராமன். "வேலிக்கு அடியில இருந்து நானே எடுத்தது. ஆட்டுப் புழுக்கை. செடி போச்சு, புழுக்கை இருக்கு, ஆடும் பக்கத்துலயே மேயுது. வேற என்ன வேணும்?"

பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டுப் புழுக்கை வழவழவென்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். இது மிளகைவிடச் சற்றுப் பெரிது, மேலே பள்ளம் பள்ளமாகக் கோடுகள். ஒன்றை நசுக்கினேன், உள்ளே இலைத்தூள். இது புழுவின் எச்சம். அரளியையும் நந்தியாவட்டையையும் மட்டும் தேடி வந்து முட்டையிடும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழு விரல் தடிமன் வளரும், ஒரு செடியைச் சில நாளில் மொட்டையடித்துவிடும். பண்ணையில் நாங்கள் அதைப் பொறுக்கிப் பொறுக்கியே அலுத்தவர்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் ஆட்டுப் புழுக்கையை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

"சொல்லுங்க, நீங்க எக்ஸ்பர்ட்," என்றார் பலராமன். "ஆடுன்னா ஆட்டுக்காரம்மாகிட்டப் பேசிக்கிறோம். செடியோட வந்த குறைன்னா உங்ககிட்டப் பேசணும். எல்லாச் சங்கத்துக்கும் சொல்லியாகணும். எது?"

புழு செடியோடு வந்தது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டால்? கொரட்டூரில் ஒரு சங்கம் என்னிடம் செடி கேட்டிருந்தது. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. எல்லாம் என் கண்முன் வந்து போயின.

"இருக்கலாமுங்க" என்றேன்.

"என்ன இருக்கலாம்?"

"ஆடு... ஆடாவே இருக்கலாமுங்க."

எங்கள் ஊரில் பொய்யைக்கூட மரியாதையாகத்தான் சொல்வோம். பலராமன் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். யாரோ காபி கொண்டு வந்தார்கள். ஜெனரேட்டர் அறைப் பக்கமிருந்து ரோஸி கத்தியது. நான் காபியை ஊதி ஊதிக் குடித்தேன்.

சாயங்காலம் தனியாக வேலிப்பக்கம் போனேன். ஒருவேளை ஆடாகவே இருந்துவிடாதா என்ற நப்பாசைதான் என்னை இழுத்துப் போனது. குச்சிகளின் மேல்நுனியில் தப்பித்த கொஞ்சம் இலைகள், அவற்றின் அடிப்புறத்தில் புழுக்கள். தொட்டதும் ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகில் இரண்டு நீலக் கண்களைக் காட்டியது. அவை கண்களே இல்லை. பயமுறுத்த வைத்திருக்கும் பொட்டுகள். உண்மையான கண் கீழே கடுகளவு இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏரிக்கரையில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வேலிக் கடைசியில் இலை தப்பிய ஒரே ஒரு செடி பூத்திருந்தது. அதற்கு அந்துப்பூச்சியும் வந்தது. உட்காரவில்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி நீளமான குழலை நீட்டித் தேனைக் குடித்தது. பச்சையும் லேசான ரோஜா நிறமும் கலந்து வரிவரியாக, கடைந்தெடுத்த பளிங்குபோல உடம்பு. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. இலைக்குள் போய் ஒண்டினால் நானே தேடினாலும் கிடைக்காது.

செடியையும் பூச்சியையும் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பண்ணையில் அதற்கெல்லாம் நேரம் ஏது? செடி நட்ட இடத்திலேயே நிற்கிறது. வெள்ளையாகப் பூக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. கடிக்காதே, கசப்பேன் என்று பாலை வடித்துக் காட்டிவிடுகிறது. ஆடு அதைக் கேட்டு ஒதுங்கிப் போகிறது. பூச்சி இலையின் நிறத்தைப் போட்டுக்கொண்டு இலை மாதிரியே இருக்கிறது. அதன் பிள்ளை அந்தக் கசப்பையே தின்று கொழுத்து, யாராவது தொட்டால் பொய்க் கண்ணைக் காட்டுகிறது. தின்று முடித்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுக்குள் பதுங்கி, இறக்கை முளைத்து வேறு ஊருக்குப் பறந்துவிடுகிறது. செடி மறுபடி துளிர்த்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது. நான் பிழைப்பது செடியால். ஆனால் அன்று மத்தியானம் அந்த அறையில் நான் பூச்சியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், இந்தப் பூச்சி எங்கிருந்து வேண்டுமானாலும் பறந்து வரக்கூடியது. வழியெல்லாம் ரோட்டு நடுவே அரளிதான் நட்டிருக்கிறார்கள். என் பண்ணையிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றுமில்லாததற்குப் பயந்து ஓர் ஆட்டைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ராத்திரி பலராமன் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை அங்கேயே டிபன் சாப்பிடச் சொன்னார்கள். நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சகாயமேரியின் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு வேறு பக்கம் போவதாகத்தான் திட்டம். புது ஊரில் திட்டம் எங்கே நிற்கிறது? ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளியே வந்தால் நேர் எதிரே அவர் கடை. இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் விடாமல் கத்தின.

"வா அண்ணாத்தே! குந்து, குந்து." ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டில் இட்லி, அதன்மேல் வடகறி. எங்கள் பக்கம் வடகறி கிடையாது. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்கிய அந்தச் சாமானை முதல் வாயிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததே குற்றம்போல இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருவரிடம் அவர் என்னைக் காட்டிச் சொன்னார். "இவுருதான் செடிக்காரரு. அவ்ளோ தூரத்துல இர்ந்து வந்து, ஆடு துன்னாதுன்னு சொல்லிகீறாரு. கேட்டானுங்களா பாரு அவனுங்கோ! மத்தியானம் வண்டி வர்தாம். வாட்ச்மேன் சொன்னான். நீ சொல்லியும் கேக்கலியே அண்ணாத்தே, உன்னிய இன்னா மதிச்சானுங்கோ?"

எனக்காக அவர் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தேன்.

"இல்லீங்க," என்றேன். "நான் சொல்லலீங்க."

"இன்னாது?"

"ஆடு தின்னாதுன்னு சொல்லலீங்க. ஆடா இருக்கலாம்னு சொல்லிட்டனுங்க. புழு தின்னதுங்க. எனக்குத் தெரியுமுங்க. பயந்துட்டனுங்க."

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். பக்கத்திலிருந்தவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு லேசாகிவிடலாம் என்றிருந்தேன். என்னுடைய கணக்கு அதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?" என்றார். சத்தமே போடவில்லை. "எனுக்குதான் தெரியுமே, என் ஆடு துன்னலன்னு. நீ அங்க சொல்லு."

நான் எழுந்தேன். "சாப்ட்டு முடிங்க சார்," என்றார். "சாப்பாட்டுல இன்னா கீது?"

சார் என்று என்னை அந்த ஊரில் முதலில் கூப்பிட்டவர் அவர்தான். மீதி இட்லியைத் தலை நிமிராமல் தின்றேன்.

பலராமன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேத்து தப்பாச் சொல்லிட்டனுங்க, அது ஆடில்லீங்க என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "புரூஃப் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு புழுவை இலையோடு கிள்ளிக்கொண்டு வந்து அதே எவர்சில்வர் தட்டில் வைத்தேன். சங்கத்தார் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆபீஸ் போக வேண்டியவர்கள் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்கள். சகாயமேரியும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். எல்லோரும் ஒரு புழுவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அது அவசரப்படவில்லை. இலையின் ஓரத்திலிருந்து ஒழுங்காக அரைவட்டம் அரைவட்டமாகத் தின்றது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. யாரோ ஒரு பெண்மணி "பாவம், கூச்சப்படுதோ என்னவோ" என்றார். ஒருவழியாகத் தட்டில் டப் என்று ஓர் உருண்டை விழுந்தது. பலராமன் குனிந்து, பழைய உருண்டையை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்து, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேட்ச் ஆகுது. சரி, ஆட்டோடதையும் பார்த்திடுவோம்."

ஜெனரேட்டர் அறையைத் திறந்தார்கள். அந்த மாதிரியை ரோஸி யாரும் கேட்காமலே நிறைய வைத்திருந்தது. வித்தியாசம் பார்க்கக் கண்ணாடியே தேவைப்படவில்லை. ஆட்டை வேலியோரம் கொண்டுபோய் விட்டார்கள். மிச்சமிருந்த நந்தியாவட்டை இலையை ஒரு முறை மோந்து பார்த்துத் தும்மிவிட்டு, பக்கத்துத் தொட்டியிலிருந்த சங்கத்தின் செம்பருத்தியை ஒரே இழுப்பாக இழுத்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

"செடி செத்துடலீங்க," என்றேன். "புழுவப் பொறுக்கிப் போட்டா மறுபடி தழைஞ்சிருமுங்க. புழு எங்கிருந்து வந்துதுன்னு சொல்ல முடியாதுங்க. எங்க பண்ணையில இருந்தும் வந்திருக்கலாமுங்க."

"அவ்வளவுதானா?" என்றார் பலராமன். போனை எடுத்து வண்டி வேண்டாம் என்று சொன்னார். கேட்டுக்குப் போய்ச் சகாயமேரியிடம் கைகூப்பி, "தப்பு எங்க மேலதாம்மா" என்றார். மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பி வந்து யாரிடமோ சாவி கொடுத்து அனுப்பினார். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு வாங்கி வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்று வந்தது.

"எல்லாரும் கேளுங்க. இவர் நேத்து ஒரு கருத்துச் சொன்னாரு. ராத்திரி யோசிச்சுப் பார்த்து, தன் வியாபாரத்துக்கே கெடுதல்னாலும் பரவாயில்லன்னு, யாரும் கேக்காம தானா வந்து உண்மையச் சொன்னாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்! கோயம்புத்தூர்க்காரங்க கோயம்புத்தூர்க்காரங்கதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னாடை என் தோளில் விழுந்தது. தானாக வரவில்லை, அந்த அம்மா அனுப்பித்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாமில்லீங்க" என்றுதான் வந்தது. அதையும் தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஆட்டின் கயிற்றைக் கையில் பிடித்தபடி சகாயமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை கந்தலாகிவிடும். சொல்லிவிட மாட்டாரா என்றுகூட எனக்கு இருந்தது.

"போத்தனது போதும் சார்," என்றார் பலராமனிடம். "ஆட்டுக்கு ஒரு வாளி தண்ணி குடுங்க. நேத்துலேர்ந்து சரியா குடிக்கல."

வாட்ச்மேன் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ரோஸி வாளியில் தலையை விட்டுக் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெல்லப் பக்கத்தில் போய்ப் பொன்னாடையைக் கழற்றி நீட்டினேன். "இது உங்களுக்குச் சேர வேண்டியதுங்க" என்றேன். அதையும் தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல்தான் சொன்னேன்.

அவர் அதைத் தொடவில்லை. "வெச்சிக்கோங்க சார். உங்க ஊர்ல போய்க் காட்டுங்க." ஆட்டை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் குட்டிகள் கத்தும் சத்தம் நின்றது.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி பையைப் பிரித்தாள். பொன்னாடையை எடுத்து உதறி, சரிகையைத் தடவிப் பார்த்து, "இதெதுக்குங்க போட்டாங்க?" என்று கேட்டாள்.

"உண்மையைச் சொன்னதுக்கு" என்றேன்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நீவி நீவி மடித்து, பீரோவில் பட்டுப்புடவைகளோடு வைத்தாள். எப்போது சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.